தீவகத்தில் மூன்று நாள்

பயணம் என்றதும் நமது வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு முடியும்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "பொம்பிளைகளையும் கூட்டிக்கொண்டு எப்படிப் போவது?" என்பது. இரண்டுக்கும் பதில் தெரியாமலே பலருடைய ஆசைகள் அடுப்படியோடு முடிந்து போகின்றன. சென்ற வருடம் விடுமுறையில் என் மனைவி, மகள், மாமி ஆகியோருடன் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் போய் வந்தேன். மூன்று நாள், நான்கு பேர், இரண்டு பைகள். வாகனம் பிடிக்கவில்லை, ஹோட்டலில் தங்கவில்லை. செலவைக் குறைத்துப் போனதால்தான் மனிதர்களைச் சந்திக்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் நாங்கள் போனது சுற்றிப் பார்க்க மட்டுமல்ல. ஒரு கடனைத் தேடிப் போனோம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மாமி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய வாப்பா, மர்ஹூம், புடவை வியாபாரி. கடை இல்லை, சைக்கிள்தான் கடை. பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று வீடு வீடாகப் போவார். கடனுக்குக் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு வசூலிப்பார். 1990ஆம் ஆண்டு ஜூலை மாதம் வேலணையில் ஒரு வீட்டம்மா, தன் மகளின் கலியாணத்துக்குக் கூறைப் புடவை எடுத்துத் தரும்படி 600 ரூபா முற்பணம் கொடுத்திருக்கிறார். "ஆவணியிலே கலியாணம் நானா, மறந்து போகாதேங்கோ" என்று சொன்னாராம்.

புடவை போகவில்லை. ஆகஸ்ட் கடைசியில் இராணுவம் தீவுகளைப் பிடித்தது. வேலணைச் சனங்கள் உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணப் பக்கம் ஓடினார்கள். அந்த வீட்டம்மா எங்கே போனார் என்று வாப்பா தேடிக்கொண்டிருக்கும்போதே ஒக்டோபர் 30 வந்தது. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அந்த மாதம் விரட்டப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். வாப்பாவின் புடவை மூட்டையும் கணக்குக் கொப்பியும் அங்கேயே போயின.

நான் புத்தளத்துக்காரன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. லொறிகளில் வந்து இறங்கியவர்களை எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் பார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறது. ஒரு கிழவர் செருப்பில்லாமல் நின்றார். அவருடைய பேத்திதான் பின்னாளில் என் மனைவியாக வருவார் என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் கிழவர் 1997இல் முகாம் குடிசையிலேயே வபாத்தானார். கடைசி நாட்களில் மாமியிடம், "எனக்கு ஊரார் தர வேண்டியதை விட்டுவிடு. நான் கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வேலணை, வங்களாவடிக்குக் கிட்ட, பூவரச மரத்தடி வீடு, 600 ரூபா" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் யுத்தம் 2009 வரை நடந்தது. யுத்தம் முடிந்த பிறகு நோய், பிள்ளைகளின் படிப்பு, கலியாணம் என்று வருடங்கள் ஓடின. போன வருடம் மாமிக்கு நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "மருமகன், நீங்கள் ஊருக்கெல்லாம் கடனைப் பற்றிப் பயான் பண்ணுகிறீர்கள்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள்

புத்தளத்திலிருந்து அனுராதபுரம் வரை ஒரு பஸ். அங்கிருந்து வவுனியா வழியாக யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு பஸ். சுபஹுத் தொழுதுவிட்டு ஏறினால் பின்னேரம் போய்ச் சேரலாம். இரண்டு பைகளுக்கு மேல் கூடாது என்பது என் சட்டம். ரொட்டி, கட்டுச் சம்பல், அவித்த முட்டை, பேரீச்சம்பழம், தண்ணீர்ப் போத்தல், ஒரு தொழுகை விரிப்பு, மாமியின் மருந்துகள். சோற்றுச் செலவு பாதியாகக் குறைந்தது. வழியில் ஹலாலைப் பற்றிய கவலையும் இல்லை.

சகோதரிகள் பயணத்தில் அடிக்கடி கேட்பது தொழுகையைப் பற்றித்தான். நமது ஷாபிஈ மத்ஹபின்படி சுமார் 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில், நாலு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரையும் அஸரையும் சேர்த்தும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். போன இடத்தில் வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாள் தங்கும் எண்ணம் இருந்தால் அந்தச் சலுகை இல்லை. எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. பஸ் பிடிக்கும் அவசரத்தில் தொழுகை விடுபடுமோ என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதில்லை. மார்க்கம் பயணியை அறிந்தே இலகுவாக்கி இருக்கிறது.

இரவு சோனகத் தெருவில், திரும்பிக் குடியேறிய உறவினர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். பக்கத்துச் சந்தில் மாமியின் பழைய வளவு இருக்கிறது. கூரை இல்லை, சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. மாமி கிணற்றை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள்: வேலணை

காலையில் குறிகட்டுவான் பஸ். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரு பக்கமும் ஆழமில்லாக் கடல். அதில் மீன்பிடிப்பதற்காக நட்ட தடிகளும் வலைகளும், அவற்றின் மேல் பறவைகளும். அந்தப் பக்கம் முதலில் வருவது மண்டைதீவுச் சந்தி, பிறகு அல்லைப்பிட்டி, மண்கும்பான். இங்கெல்லாம் வெள்ளை மணல். மழைநீர் இந்த மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதப்பதுபோல் நன்னீராகத் தங்குகிறது. சாட்டிப் பக்கத்துக் கிணறுகள் தீவகத்துக்கே தண்ணீர் கொடுத்தவை. மணலை அள்ளி விற்றால் தண்ணீரையும் சேர்த்து விற்றதாகும் என்று பஸ்ஸில் ஒரு முதியவர் சொன்னார். மணல் அள்ளிய குழிகளை வழியெங்கும் கண்டோம்.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், காரைநகர் அம்ஸ்டர்டாம். ஒன்றும் சனங்களின் வாயில் நிற்கவில்லை. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது.

வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை. அதற்கு முன்னால் கடலுக்கு நடுவே ஹம்மன்ஹீல் கோட்டை. ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொனில்தான் 1913இல் தனிநாயகம் அடிகளார் பிறந்தார். தமிழுக்காகத் தென் அமெரிக்கா வரை சுற்றியவர். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர். தன் பயணங்களை எழுதிய நூலுக்கு 'ஒன்றே உலகம்' என்று பெயர் வைத்தார். சிறிய தீவில் பிறந்தவருக்கு உலகம் பெரிதாகத் தோன்றவில்லை போலும்.

வங்களாவடிச் சந்தியில் இறங்கினோம். பூவரசு என்றால் வேலணையில் எந்த வீட்டு வேலியில் இல்லை? ஒழுங்கைக்குள் ஒழுங்கை. பல வீடுகளில் சங்கடப் படலை மட்டும் நிற்கிறது; உள்ளே வீடில்லை. ஆட்கள் கனடாவில், பிரான்சில், சுவிஸில். வளவுக்குள் வடலி முளைத்துக் காடாகிவிட்டது. மாமி அந்தப் பாழ் வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "எங்கட தெரு மாதிரித்தான் இருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னார். விரட்டப்பட்டது நாம் மட்டும் என்று நினைத்து வாழ்ந்தவர்களுக்கு அந்த ஒழுங்கை ஒரு பாடம்.

ஒரு மணி நேரம் விசாரித்த பிறகு, ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு நின்ற ஒரு வயதான அம்மாவிடம் மாமி தன் வாப்பாவின் அடையாளத்தைச் சொன்னார். வெள்ளைத் தொப்பி, பச்சை இடைவார், மணி அடிக்காமல் கூப்பிட்டு விற்கும் புடவைக்கார நானா. அந்த அம்மா கையிலிருந்த குழையைக் கீழே போட்டார்.

"புடவைக்கார நானாவின்ரை மகளோ? உள்ளுக்கு வாங்கோ பிள்ளை, வெயிலுக்கை நிக்காதேங்கோ."

பூவரசடி வீட்டம்மா காலமாகிவிட்டார். வீடு ஷெல் விழுந்து போய்விட்டது. ஆனால் கூறைக்குக் காத்திருந்த அந்த மகள் இருக்கிறார். நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருக்கிறார். நேரமோ பதினொன்று. நெடுந்தீவுக்கு அன்றைய காலைப் படகு போயிருந்தது. அம்மா எங்களைத் தேநீர் குடிக்காமல் விடவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீர். விலாசத்தை என் மகள் எழுதிக்கொண்டாள்.

நயினாதீவு

மீதி நாளை வீணாக்கவில்லை. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலம் வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரம்தான். நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகதீப விகாரைக்கும் போகும் சனத்தால் படகு நிறைந்திருந்தது. ஒரு பக்கம் வெள்ளை உடுத்த சிங்களக் கிராமத்துப் பெண்கள், மறுபக்கம் பட்டுப் பாவாடைச் சிறுமிகள், நடுவில் பர்தா அணிந்த எங்கள் மூவர். மாமியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டவர் ஒரு சிங்களத் தாய்.

நயினாதீவில் முஸ்லிம் குடும்பங்களும் வாழ்ந்தார்கள், பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். கோயிலின் அன்னதான மண்டபத்தில் வந்தவர் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு, எங்களையும் அழைத்தார்கள். எங்கள் ரொட்டியைக் காட்டி நன்றி சொன்னோம். அவர்கள் சிரித்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் தந்தார்கள்.

இந்தத் தீவில் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நம் வியாபாரப் பரம்பரைக்கு அது முக்கியமான சாசனம். வெளிநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பலானால் சரிபாதி. குதிரை வியாபாரத்தில் அரபிகள் தென்னாட்டுக் கரைகளில் பேர்போனவர்கள். 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கியபோது அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்கு வழியனுப்பியவரும் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திதான்.

கப்பல் உடைந்தாலும் பொருளுக்கு உடையவன் இருக்கிறான் என்று எண்ணூறு வருடத்துக்கு முன் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை மாமியிடம் விளக்கியபோது, "அப்போ நாங்கள் நாளைக்குக் கட்டாயம் போகவேண்டும்" என்றார்.

மூன்றாம் நாள்: நெடுந்தீவு

விடிவதற்குள் பஸ் பிடித்துக் காலைப் படகுக்கு வந்தோம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். இது விளையாட்டுக் கடல் அல்ல. காற்று பலத்த நாட்களில் படகு ஓடாது. ஓடினாலும் வயிற்றைப் பிரட்டும். வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் ஏறக்கூடாது. எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருப்பது நல்லது.

இந்தக் கடல் பாதையில்தான் 1985 மே 15இல் குமுதினிப் படகை மறித்து, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். படகில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அதைச் சொன்னார். அவருடைய சித்தியும் அதில் போனவராம். நான் சோனகத் தெருவைச் சொன்னேன். அதன்பிறகு இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

முதுகில் பெரிய பைகளோடு ஸ்பெயின் தேசத்து இளம் தம்பதி ஒன்றும் வந்திருந்தது. மகள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தாள். இதற்கு முன் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கரையோரப் பாலைவனத்தில் உள்ள லீமாவிலிருந்து ஆண்டீஸ் மலையில் 3,400 மீற்றர் உயரத்திலுள்ள குஸ்கோவுக்குச் சாதாரண பஸ்ஸில், ஒரு முழுநாளுக்கும் கிட்டப் பயணம் செய்தார்களாம். உயரத்தில் மூச்சு முட்ட, பக்கத்தில் இருந்த கிழவி தன் கம்பளத்தைப் போர்த்திவிட்டாளாம். "காசு கூட இருந்திருந்தால் விமானத்தில் போயிருப்போம், அந்தக் கிழவியைக் கண்டிருக்க மாட்டோம்" என்றாள் அந்தப் பெண். மாமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "எல்லா ஊரிலும் கிழவிகள் ஒன்றுதான்" என்றார்.

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர் தட்டையான பூமி. கிடுகு வேலி குறைவு. கடலில் விளைந்த முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிய மதில்கள்தான் எங்கும். யானைக்கால் போன்ற அடியுடைய பெருக்க மரம் ஒன்று நிற்கிறது. ஆபிரிக்காவில் இருந்து வந்த மரம். அரபு வியாபாரிகள் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். வெளியில் குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. ஐரோப்பியர் இங்கே குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அதைப் பெரிதாக நடத்தினார். அவர்கள் போன பிறகு குதிரைகள் காடேறின. கோடையில் தண்ணீர் இல்லாமல் அவற்றில் பல செத்துப்போகின்றன. எசமான் போய்விட்டான், பொறுப்பு யாருடையது என்று கேட்க ஆளில்லை.

இறங்குதுறையில் ஆட்டோ ஒன்றைப் பேசிக்கொண்டோம். ஆட்டோக்காரத் தம்பி பெயரைக் கேட்டதுமே வீட்டு வாசலில் நிறுத்தினார்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கடலுக்குப் போயிருந்தார். மாமி தான் யார் என்று சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருவரும் அழத் தொடங்கிவிட்டார்கள். நான் முற்றத்துக்கு வந்து நின்றேன். பிறகு மகள்தான் உள்ளே நடந்ததை எனக்குச் சொன்னாள்.

கலியாணம் ஆவணியில் நடக்கவில்லை. இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, இரவல் சேலையில் தாலி கட்டினார்களாம். சனங்கள், "சோனகன் காசைக் கொண்டு போய்விட்டான்" என்று சொன்னபோது, அவருடைய அம்மா கோபித்தாராம். "நானா காசைத் தின்கிற ஆள் இல்லை. அந்த மனிசனுக்கு ஏதோ நடந்திட்டுது. அது என்னெண்டு தெரியாமல் கதைக்காதேங்கோ." ஒக்டோபரில் என்ன நடந்தது என்று தெரிந்ததும், "பாத்தியளே, நான் சொன்னனான்" என்று சொல்லித் தலையில் கைவைத்து அழுதாராம்.

மாமி ஏழு வருடம் முகாமில், "வாப்பாவைக் கள்ளன் என்று நினைத்திருப்பார்களே" என்று வேதனைப்பட்ட தன் தகப்பனைப் பார்த்தவர். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே 34 வருடம் உயிரோடு இருந்ததுபோல் அவர் முகம் தெளிந்தது.

பணம் வேண்டாம் என்றார் அந்த அக்கா. இந்த இடத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். "தங்கச்சி, இது உங்களுக்குத் தேவை என்பதற்காக அல்ல. இதை நீங்கள் வாங்கினால், அல்லது மனதாரப் பொருந்தி விட்டுக்கொடுத்தால், இறந்தவரின் சுமை இறங்கும். வாங்கினால் மாமியின் மனமும் ஆறும்" என்றேன். அவர் 600 ரூபாவை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்று அந்தத் தொகை ஒரு பகல் சாப்பாட்டோடு முடிந்துவிடும். அதனால் மாமி புத்தளத்திலிருந்து ஒரு கைத்தறிச் சேலையும் கொண்டுவந்திருந்தார். பட்ட தொகையைக் கொடுப்பது கடமை. பேசி வைக்காமல், மனமுவந்து அதற்குமேல் அழகாகக் கொடுப்பது நபிவழி. ஒட்டகக் கடனுக்கு அதைவிட நல்ல ஒட்டகத்தைக் கொடுக்கச் சொன்ன நபிகளார் (ஸல்) அவர்களின் முன்மாதிரி நமக்கு இருக்கிறது.

திரும்பும்போது அக்கா ஒடியல் மாவும் பனங்கட்டியும் கருவாடும் கட்டித் தந்தார். எங்கள் பைகள் இரண்டு மூன்றாயின. என் சட்டம் அங்கே உடைந்தது.

படகில் என் மனைவி கேட்டார், "உம்மா, நாங்கள் கொடுத்துவிட்டோம். எங்கட வீடு, கடைச் சாமான், நகை, அதெல்லாம் யார் தருவார்?" மாமி உடனே பதில் சொல்லவில்லை. குறிகட்டுவான் தெரியத் தொடங்கிய பிறகு, "அது வேறு கணக்கு. அதை நான் மறக்கவும் இல்லை. ஆனால் அதைக் காட்டி இதை வைத்துக்கொள்ள ஏலாது" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் தங்கிக்கொண்டு தினமும் போய் வருவதே சிக்கனம். வேலணையும் நயினாதீவும் ஒரு நாள்; நெடுந்தீவு தனியாக ஒரு நாள். நெடுந்தீவுக்குக் காலைப் படகைத் தவறவிட்டால் அந்த நாள் போய்விடும். பிற்பகல் திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரைக் கொண்டு போங்கள். அங்கே தண்ணீர் பொன். பொலித்தீன் பைகளைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கோயில், விகாரைப் பக்கங்களில் அவர்களின் ஒழுங்கை மதித்து நடந்துகொள்ளுங்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே பாதைப் படகு ஓடுகிறது. நேரம் இருந்தால் அதிலும் ஏறிப் பார்க்கலாம்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலும் மூத்தவர்கள் யாராவது ஒரு பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். அதைக் கிழப் பேச்சு என்று தள்ளாமல் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: ஊர், வீட்டு அடையாளம், தொகை. உரியவர் இல்லையென்றால் வாரிசுக்கு. தேடியும் வாரிசு கிடைக்காவிட்டால் அவர் பெயரில் தர்மம். ஆனால் முதலில் தேட வேண்டும். தேடிப் போகும் வழியில்தான் நாங்கள் இவ்வளவையும் கண்டோம்.

புத்தளம் வந்து சேர்ந்த மறுநாள் மாமி வாப்பாவின் கபுறடிக்குப் போய் வரச் சொன்னார். நான் போய் ஸியாரத் செய்துவிட்டு வந்தேன். "என்ன கேட்டீர்கள்?" என்றார். துஆச் செய்ததைச் சொன்னேன். மாமி அடுப்பில் ஒடியல் கூழுக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார்.